"ஏக்கத்துல இருக்கு, நாளைக்குச் சாப்பிடும்"

எல்லாத் தெருவிலும் நடக்கிற கதைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வீட்டுக்கு நாய்க்குட்டி வருகிறது. அட்டைப்பெட்டியில் பழைய துண்டு விரித்து, அதன் மேல் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று. "நாப்பது நாள் குட்டி சார்" என்று சொல்லித்தான் விற்றார்கள். உண்மையில் முப்பது நாள்கூட இருக்காது. வீட்டில் ஒரே திருவிழா. பெயர் வைப்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை. டைகரா, பிரவுனியா?

சாயங்காலம் கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ராத்திரி பால்சோறு, தொடவில்லை. திங்கட்கிழமை செரலாக், அப்புறம் பிஸ்கட், அப்புறம் எதிர்வீட்டு மாமா சொன்னபடி வேகவைத்த முட்டை. ஊஹூம். தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே போகவில்லை. மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. பாட்டி தீர்ப்பு சொல்கிறார்: "தாயை விட்டுட்டு வந்த ஏக்கம். நாளைக்குச் சாப்பிடும்." கண் பட்டிருக்கும் என்று திருஷ்டியும் சுற்றிப் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை ராத்திரி வாந்தி. புதன்கிழமை காலை ரத்தமாகக் கழிச்சல். அப்போதுதான் ஆட்டோ கூப்பிடுகிறார்கள். கால்நடை மருத்துவர் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாளா சாப்பிடலை?"

"மூணு நாளா சார்... ஏக்கம்னு நெனச்சோம்."

ஏக்கம் என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பாசத்தோடு சொல்லப்படுகிற சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் நாய்க்குட்டிகள் விஷயத்தில் இவ்வளவு ஆபத்தான சொல் வேறு இல்லை. ஏனென்றால் அது காத்திருக்கச் சொல்கிறது. காத்திருப்பதற்கான கையிருப்பு அந்தச் சின்ன உடம்பில் கிடையாது.

ஏக்கமே இல்லையா?

இருக்கிறது. அதை மறுப்பதற்கில்லை. தாயின் சூடு, கூடப் பிறந்த நாலைந்து குட்டிகளின் நெருக்கம், பழகிய வாசனை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. புது இடம், புது மனிதர்கள், போதாக்குறைக்கு பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்குகிறார்கள். முதல் நாள் சாப்பாட்டில் ஆர்வம் குறைவது இயல்புதான்.

ஆனால் ஏக்கத்துக்கு ஒரு முகம் உண்டு. ஏக்கத்தில் இருக்கிற குட்டி ராத்திரி முழுக்கக் கத்தும். வீட்டைச் சுற்றி மோந்து திரியும். கூப்பிட்டால் காதை நிமிர்த்திப் பார்க்கும். சோற்றைத் தள்ளினாலும் தண்ணீரையாவது நக்கும். மூத்திரம் ஒழுங்காகப் போகும். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்தால் விரலைக் கடித்து விளையாடும். விற்ற இடத்தில் என்ன கொடுத்துப் பழக்கினார்களோ அதையே வெதுவெதுப்பாக, அமைதியான இடத்தில் வைத்தால் சில மணி நேரத்தில் கொஞ்சமாவது சாப்பிட்டுவிடும்.

நோயின் முகம் வேறு. கத்தாது. "பாவம், எவ்வளவு சமத்து!" என்று வீட்டார் மெச்சிக்கொள்வது பல சமயம் இந்த அமைதியைத்தான். தலையைத் தூக்காது. தண்ணீரும் வேண்டாம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். வெளுத்தோ, காய்ந்து விரலில் ஒட்டிக்கொள்வது போலவோ இருந்தால் நிலைமை சரியில்லை. முதுகுத் தோலை லேசாகக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பைசா செலவில்லை. ஆனால் ஏக்கம் என்று பெயர் வைத்த பிறகு யாரும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பதில்லை!

கையிருப்பு எவ்வளவு?

வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. கொழுப்பு இருக்கிறது, ஈரல் சேர்த்து வைத்த சர்க்கரை இருக்கிறது. அந்தக் கணக்கைக் குட்டிக்குப் போடக் கூடாது. ஒரு மாதக் குட்டிக்குச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்கே செலவு செய்கிற குடும்பம் அது. சில வேளைகள் தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை சரியும். தள்ளாடும், நடுங்கும், அப்புறம் வலிப்பு, மயக்கம். இதில் வாந்தியும் கழிச்சலும் சேர்ந்துகொண்டால் வரவே இல்லாமல் செலவு மட்டும் ஓடுகிறது.

அதனால் "எத்தனை நாள் பார்க்கலாம்?" என்ற கேள்வியே தப்பு. மணிக்கணக்கில்தான் பேச வேண்டும். இரண்டு மாதம்கூட ஆகாத குட்டி அடுத்தடுத்து இரண்டு வேளை தவறவிட்டாலே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குள் பன்னிரண்டு மணி நேரமாக ஒன்றுமே போகவில்லை என்றால் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதைவிடப் பெரிய குட்டி, ஓடியாடிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறது என்றால் அதிகபட்சம் ஒரு நாள். வாந்தி, கழிச்சல், துவண்டு கிடப்பது, வயிறு உப்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மணிக்கணக்குக்கூடக் கிடையாது. உடனே.

பார்வோ என்ற வில்லன்

சாப்பிடாத குட்டிக்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். தாயின் கருப்பையிலிருந்தும் பாலிலிருந்துமே குட்டிக்கு வந்துவிடுகிற குடற்புழுக்கள். (இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.) உண்ணியால் வருகிற காய்ச்சல். விழுங்கிய ரப்பர், மாங்கொட்டை, கோழி எலும்பு. அடுத்து பசும்பால். நாய்ப்பாலில் இருக்கிற அளவு கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இல்லை, லாக்டோஸ்தான் கூடுதல். அதனால் பல குட்டிகளுக்கு அது கழிச்சலைக் கொடுக்கிறது.

ஆனால் இந்தப் பட்டியலில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ. 1978 வாக்கில் உலகத்தின் கண்ணில் பட்ட வைரஸ் இது. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நோய் கண்ட நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியே வரும். செருப்பில், கையில், கூண்டில், சாக்கில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். உள்ளே போன மூன்று முதல் ஏழு நாட்களில் வேலையைக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை குட்டி, செவ்வாய்க்கிழமை வாந்தி என்றால் அந்த வீட்டுத் தண்ணீரோ சாப்பாடோ காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வாங்கும்போதே நோய் உள்ளே இருந்திருக்கிறது.

குடலின் உள்சுவரில் வேகமாகப் பிரிந்து வளரும் செல்களைத்தான் இந்த வைரஸ் தேடிப் பிடித்து அழிக்கிறது. சுவர் உரிந்த குடலால் நீரையும் உணவையும் உறிஞ்ச முடியாது. குடலில் இருக்கிற பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும். அதே நேரம் எலும்பு மஜ்ஜையையும் தாக்குவதால் எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்களும் குறைந்துவிடும். இத்தனைக்கும் முதல் அறிகுறி என்ன தெரியுமா? சாப்பிடாமல் சோர்ந்து படுப்பது. அவ்வளவுதான். ரத்தக் கழிச்சல் அப்புறம்தான் வருகிறது. வீட்டார் நோய் என்று புரிந்துகொள்ளும் நாள் பெரும்பாலும் அதன் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள்.

இப்போது மலத்தைத் தொட்டுச் சோதிக்கும் சின்ன கிட் இருக்கிறது. சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும். ஆனால் வழக்கமான சிகிச்சையில் வைரஸை நேரடியாகக் கொல்கிற மருந்து இல்லை. டிரிப்ஸ் ஏற்றுவது, வாந்தியை நிறுத்துவது, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வது. உடம்பே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும் வரை குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். அதாவது மருத்துவர் குட்டிக்கு வாங்கித் தருவது நேரம். ஏக்கம் என்ற பெயரில் வீட்டில் மூன்று நாள் செலவழித்துவிட்டு வந்தால் அவர் எங்கிருந்து நேரம் வாங்குவார்? சீக்கிரம் வந்து முறையாகச் சிகிச்சை பெறுகிற குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. சிகிச்சையே இல்லாதவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

கைவைத்தியம் என்ற பெயரில்

காத்திருக்கிற அந்த மூன்று நாளும் வீடு சும்மா இருப்பதில்லை. வாயைப் பிளந்து பாலை ஊற்றுவது, சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவது, ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், அலமாரியில் இருக்கிற காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கு. எல்லாமே அன்பில் செய்வதுதான். ஆனால் துவண்டு கிடக்கிற குட்டியின் வாயில் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். வாந்தி எடுக்கிற குட்டிக்குத் திணித்தால் இன்னும் வாந்திதான். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள், குறிப்பாக இபுபுரோஃபென், நாய்க்கு விஷம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வது. தள்ளாடுகிற குட்டியின் ஈறில் ஒரு சொட்டு சர்க்கரைக் கரைசலை விரலால் தடவுவது. வாந்தி, கழிச்சலை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது. பார்வோவாக இருக்கலாம் என்றால், மற்ற நாய்கள் இருக்கிற கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு நுழையாமல் முதலில் உள்ளே தகவல் சொல்வது. அவ்வளவே.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இது குட்டிக்கு இல்லை, மனிதர்களுக்கு. தண்ணீர் குடிக்க முயன்றும் விழுங்க முடியவில்லை, எச்சில் வடிகிறது, தாடை தொங்குகிறது, குரல் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் கடிக்க வருகிறது என்றால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கும்" என்று வாய்க்குள் கை விடவே கூடாது. ரேபிஸ் குட்டிகளுக்கும் வரும். குட்டிதானே என்று அதன் கடியையும் கீறலையும் அலட்சியப்படுத்தியதால் போன உயிர்கள் உண்டு. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கையில் போடுகிற சில ஊசிகள்தான்.

"தெரு நாய்க்கு யார் ஊசி போட்டது?"

இந்தப் பேச்சை எடுத்தாலே வருகிற பதில் இது. "எங்க ஊர்ல எத்தனை நாய் திரியுது, எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயா வளந்துச்சு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு தப்பு. தெருவில் திரிகிற நாய்கள் பிழைத்தவை. மழைக்காலத்தில் ஒரு நாய் ஆறு குட்டி போட்டால், இரண்டு மாதம் கழித்து அதே தெருவில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செத்தவை கண்ணில் படாததால் கணக்கில் வரவில்லை. லாபத்தை மட்டும் எழுதிவிட்டு நஷ்டத்தை எழுதாத பேரேடு மாதிரிதான் இது.

இரண்டாவது பதில் பணம். இதை லேசாகத் தள்ள முடியாது. தனியார் கிளினிக்கில் குட்டியை நாலைந்து நாள் வைத்து டிரிப்ஸ் ஏற்றினால் வருகிற பில், மாதச் சம்பளக் குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். ஆனால் ஊர் ஊருக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. "மாட்டாஸ்பத்திரி" என்று பெயர் வாங்கிவிட்டதால் அங்கே நாயும் பார்ப்பார்கள் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் நாளே போனால் செலவும் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசிக்கு ஆகிற செலவோ, அந்த நாலைந்து நாள் பில்லுக்குப் பக்கத்தில்கூட வராது.

தவறு எங்கே தொடங்குகிறது?

புதன்கிழமை காலையில் அழுகிற வீட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது பாதி நியாயம்தான். மீதி, விற்ற இடத்தில் இருக்கிறது.

குட்டிக்கு முதல் எதிர்ப்புச் சக்தி தாயின் சீம்பாலில் வருகிறது. வாரங்கள் போகப் போக அது குறையும். ஆனால் இருக்கிற வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ஒரு ஊசி போட்டாச்சு சார்" என்பது பாதுகாப்பு ஆகாது.

முப்பது நாளில் தாயிடமிருந்து பிரிப்பது விற்பவருக்கு லாபம். தீவனச் செலவு மிச்சம், குட்டியும் கொள்ளை அழகோடு இருக்கிற வயது அது. "சின்னதுல வாங்கினாத்தான் நம்மகிட்ட பழகும்" என்று வாங்குபவரும் நம்புகிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அந்த விதியைப் பார்த்துக்கொண்டே எத்தனை அட்டைப்பெட்டிகள் கை மாறுகின்றன!

காமர்ஸ் வகுப்பில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பெயர் வரும். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-இல் அவர் எழுதிய கட்டுரை, 2001-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோனது. விற்பவருக்குச் சரக்கின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்த நிலையில் நல்ல சரக்கும் கெட்ட சரக்கும் ஒரே விலைக்குப் போகும். நல்ல சரக்கு வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் ஒதுங்குவார். கடைசியில் சந்தையில் கெட்டது மிஞ்சும். நாய்க்குட்டிச் சந்தைக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். பூச்சி மருந்து கொடுத்து, ஊசி போட்டு, எட்டு வாரம் தாயோடு வைத்திருந்து விற்பவரின் குட்டி விலை அதிகம். அட்டைப்பெட்டிக் குட்டி மலிவு. பார்க்க இரண்டும் ஒன்றுதான். "நாய் விற்ற காசு குரைக்குமா?" என்று பழமொழி கேட்கிறது. குரைக்காதுதான். ஆனால் வாங்கியவன் வீட்டில் மூன்றாம் நாள் ஒரு பிள்ளை அழுகிறது.

இதை மாற்ற வாங்குபவரால் முடியும். தாயைக் காட்டச் சொல்லலாம். கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள தடுப்பூசி அட்டையைக் கேட்கலாம். எட்டு வாரம் ஆகவில்லை என்றால் காத்திருந்து வாங்கலாம். இப்போது என்ன சாப்பிடுகிறது என்று கேட்டு, அதையே கொஞ்சம் வாங்கிவரலாம். வீட்டுக்கு வந்த ஓரிரு நாளில், நன்றாக இருக்கும்போதே, ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடலாம். காத்திருப்பதாக இருந்தால் வாங்குவதற்கு முன்னால் காத்திருக்கட்டும். சாப்பிடாத குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டாம்.

அந்த வீட்டுக்கு என்ன ஆனது?

இந்த மாதிரிக் கதைகள் எப்படி முடிகின்றனவோ அப்படித்தான். புதன்கிழமை ராத்திரி குட்டி போய்விட்டது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதைத்தான் ஏக்கம் என்று சொல்ல வேண்டும்.

அவள் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல் அடுத்த மாதமே அப்பா இன்னொரு குட்டி வாங்கிவந்தார். அதே அட்டைப்பெட்டி, அதே கிண்ணம், அதே மூலை. பார்வோ வைரஸ் வெளியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நிழலான, ஈரமான இடத்தில் ஒரு வருடம்கூட. கருப்பு பினாயில் தெளித்தால் போகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, தரையைப் பத்து நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்யவும் முடியாது. அதனால் தடுப்பூசிகள் எல்லாம் முடிந்த நாயைத்தான் அந்த வீட்டுக்குள் கொண்டுவரலாம். இதை யாரும் அந்த அப்பாவுக்குச் சொல்லவில்லை. கேட்டால் மருத்துவர் சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் முதல் குட்டி ஏக்கத்தில் செத்ததாகத்தான் அந்த வீட்டில் இன்னும் பேச்சு.

இரண்டாவது குட்டியும் ஆறாம் நாள் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ, விடுதி வாசலிலோ, பக்கத்துத் தெருவிலோ ஒரு குட்டி சாப்பிடாமல் படுத்திருந்தால், யாராவது நிச்சயம் "ஏக்கமா இருக்கும்" என்று சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று கேட்டு, மணியைப் பாருங்கள். அப்புறம் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். வெறும் ஏக்கம்தான் என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினால், ஆட்டோ காசு போனால் போகட்டும்.